ரோஜாச் செடியும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும்

சென்ற இதழில், கோடை வெயிலில் தண்டவாளம் நீள்வது ஏன் என்பதைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். இம்மாதம் கான்கிரீட் சிலிப்பர்களைப் பற்றி எழுதுவதாக வாக்களித்தும் இருந்தோம். அதனை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்க நேர்ந்துவிட்டது. ஐப்பசி பிறக்கப்போகிறது. தில்லியில் ரோஜா வளர்ப்போர் கத்தரியைக் கையில் எடுக்கும் காலம் அதுவே. அதற்கு முன்பாகச் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதில் நம்முடைய குற்றம் ஒன்றும் கலந்திருப்பதால், அதை ஒத்திப்போடுவது முறையன்று.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையார் ஊரிலிருந்து நம்முடன் இருக்க வந்தபோது, நிலக்கோட்டைப் பக்கத்துப் பன்னீர் ரோஜாக் குச்சிகள் நான்கை ஈரத்துணியில் சுற்றி, இரண்டு இரவுகள் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவற்றுள் மூன்று குச்சிகள் தில்லிக் காற்றைத் தாங்காமல் கருகிப்போயின. நான்காவது குச்சியிலிருந்து ஒரு கண்ணை எடுத்து, நாற்றங்கால் மாலி ஒருவர் இவ்வூர் அடிச்செடியில் ஒட்டுக்கட்டிக் கொடுத்தார். அது பிழைத்தது. அன்னையார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செடி நம் குவார்ட்டர்ஸ் வாசலில் இன்றும் பூக்கிறது.

ஒரு பங்குனியில் அதன் இலைகளில் மஞ்சள் கோடுகள் தோன்றின. நெளிநெளியாக, வாசலில் இடும் இழைக்கோலம்போல அவை இருந்தன. இரும்புச் சத்துக் குறைவு என்று நாமே தீர்மானித்து, அதற்குரிய உரத்தை வாங்கி இட்டோம். வைகாசி வெயிலில் கோடுகள் மறைந்தன. நம் வைத்தியம் பலித்தது என்று மகிழ்ந்தோம். அடுத்த தை மாதத்தில் ஒட்டுக்கட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டு, சங்கத்து அன்பர்கள் மூவர் வீட்டுச் செடிகளில் நம் செடியின் கண்களை வைத்துக் கட்டிக் கொடுத்தோம். ஊர்ப் பன்னீர் ரோஜா என்றதும் அவர்கள் ஆசையோடு ஏற்றுக்கொண்டனர்.

இவ்வாண்டுப் பங்குனியில், சங்க நூலகத்தில் மூவரில் ஒருவரான மூத்த அம்மையார் நம்மை நிறுத்தினார்.

“ஏன் தம்பி, நீங்க கட்டிக் கொடுத்த செடியிலே இலையெல்லாம் மஞ்சள் கோலம் போட்டிருக்கே, அது ஜாதிக் குணமா, வியாதியா?”

நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. “பார்த்துச் சொல்கிறேன், அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்படிப் பார்த்த கதைதான் இக்கட்டுரை.

நண்பர் சொன்ன முதற் பாடம்

வேளாண்மை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணிபுரியும் நெல்லை நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. நான்கு இலைகளைப் பாலிதீன் பையில் இட்டு அவரிடம் கொண்டுபோனோம். இலையைக் கண்டதுமே, “இது மொசைக் மாதிரி இருக்கிறது, சார். வைரஸாக இருக்கும்” என்றார்.

“எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே?” என்று கேட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு, கண்ணால் கண்டதே மெய் என்ற எண்ணம் இருந்தது.

அவர் சிரித்தார். “பார்த்துக் கிடைக்காவிட்டால் இல்லை என்று ஆகாது. கிடைத்துவிட்டால் அதுதான் நோய்க்குக் காரணம் என்றும் ஆகாது. வாருங்கள், காட்டுகிறேன்” என்றார். அவர் சொன்ன இவ்விரண்டு வாக்கியங்களின் பொருள் விளங்க நமக்கு ஒரு பகற்பொழுது பிடித்தது.

ஒளியின் எல்லை

பயிர்களைப் பிடிக்கும் வைரஸ்களின் வரலாறு புகையிலையில் தொடங்குகிறது. 1892-இல் இவனோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், மொசைக் நோயுற்ற புகையிலைச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் செலுத்தினார். பாக்டீரியாக்கள் அதில் தங்கிவிடும். வடிந்த சாறோ முன்போலவே நோயைத் தந்தது. 1898-இல் ஹாலந்து நாட்டுப் பெய்ஜெரிங்க் இப்பொருளுக்கு வைரஸ் என்ற பெயரை வழங்கினார். 1935-இல் அமெரிக்கரான ஸ்டான்லி, புகையிலை மொசைக் வைரஸை உப்புப்போலப் படிகமாக்கியே காட்டினார். ஆயினும் அதன் உருவத்தை எவரும் கண்டதில்லை.

காணாமைக்குக் காரணம் கண்ணாடியின் குறையன்று, ஒளியின் குறையே. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளி அலைகளின் நீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒளியைக் கொண்டு பார்க்கும் சாதாரண மைக்ராஸ்கோப், சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. எத்துணை நேர்த்தியான லென்ஸ் ஆயினும் இதுவே எல்லை. அகன்ற கட்டைவிரலால் தடவிப் பார்த்துப் பொடி எழுத்தைப் படிக்க முயல்வதுபோல என்று கொள்ளலாம். ரோஜாவில் மொசைக் உண்டாக்கும் வைரஸ்களுள் முதன்மையானதன் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் அவற்றை வரிசையாக நிறுத்தினால் 40,000 நிற்கும்!

ஒளிக்கு மாற்று எலெக்ட்ரான். ஓடும் எலெக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924-இல் பிரெஞ்சு அறிஞர் தெ புரோலி கூறினார். 1926-இல் ஜெர்மானியரான ஹான்ஸ் புஷ், கம்பிச் சுருளின் காந்தப் புலம் எலெக்ட்ரான்களை லென்ஸ்போலக் குவிக்கும் என்று காட்டினார். 1931-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை அமைத்தனர். ஒரு லட்சம் வோல்ட்டில் விரட்டப்படும் எலெக்ட்ரானின் அலைநீளம், பச்சை ஒளியின் அலைநீளத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மடங்கு சிறியது. கட்டைவிரலுக்குப் பதிலாக ஊசிமுனை கிடைத்ததென்க.

எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்முட் ருஸ்கா ஒரு மருத்துவர். அண்ணன் படைத்த கருவியை உயிரியலுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று முனைந்தவர் அவரே. 1939-இல் அவரும் கௌஷே, ஃபான்குக் என்ற இருவரும் புகையிலை மொசைக் வைரஸின் படத்தை வெளியிட்டனர். 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிப்பும் கொண்ட நேரான குச்சிகள்! மனிதன் ஒரு பயிர் வைரஸின் உருவத்தைக் கண்டது அப்போதுதான். எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு நோபல் பரிசு 1986-இல், கருவி பிறந்து 55 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அதைக் காணத் தம்பி உயிரோடு இல்லை.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. 1940-களிலேயே கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா என்ற விஞ்ஞானி, இந்தியாவின் முதல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இங்கேயே அமைத்தார். கல்கத்தாவில் வாழும் நம் வாசகர்கள் இதனைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இலையைச் சீவும் வித்தை

கருவி ஆள் உயரத்திற்கும் மேலான ஒரு தூண்போல நிற்கிறது. தூணின் உச்சியில் எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, காந்தச் சுருள்களின் வழியே கீழிறங்கி, இடையில் வைத்த பொருளை ஊடுருவி, அடியில் படமாக விழுகின்றன. காற்றின் அணுக்கள் எலெக்ட்ரானைச் சிதறடிக்கும் ஆதலால், தூணுக்குள் காற்றை முற்றிலும் உறிஞ்சிவிடுகிறார்கள். வெற்றிடத்தில் பச்சை இலை தாங்குமா? தாங்காது. ஆகவே அதைப் பக்குவப்படுத்த வேண்டும்.

இலையில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் துண்டை வெட்டி, குளூட்டரால்டிஹைடிலும் பின்னர் ஆஸ்மியம் டெட்ராக்ஸைடிலும் ஊறவைத்து, உள்ளுறுப்புகள் கலையாதபடி நிலைநிறுத்துகிறார்கள். பிறகு சாராயத்தால் படிப்படியாக நீரை நீக்கி, எபாக்ஸி பிசினில் புதைத்து, அடுப்பில் இறுக வைக்கிறார்கள். அப்பிசின் கட்டியை வைரக்கத்தியால் சுமார் 70 நானோமீட்டர் கனத்தில் சீவுகிறார்கள். நம் வீட்டு வாழைக்காய் வறுவலுக்குச் சீவும் கனத்தை எண்ணி நாம் வெட்கினோம். சீவல் சிறு தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிறது. அது வெள்ளிபோல மின்னினால் கனம் சரி. பொன்னிறம் காட்டினால் கனம் மிகுதி. நிறத்தைக் கொண்டே கனத்தை அளக்கும் இவ்வழக்கம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. சரியான சீவலை மூன்று மில்லிமீட்டர் அகலச் செம்பு வலைத்தட்டில் ஏந்தி, யுரேனிய உப்பிலும் ஈய உப்பிலும் தோய்க்கிறார்கள். கன உலோகம் படிந்த இடம் எலெக்ட்ரானைத் தடுத்துக் கருமையாகத் தெரியும். மற்றவை வெளிறித் தெரியும். வண்ணம் என்பதே அங்கு இல்லை.

இனி நண்பரின் முதல் வாக்கியத்திற்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் இலைத்துண்டை 70 நானோமீட்டர் கனத்தில் முழுதும் சீவினால் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்கள் கிடைக்கும். அவற்றில் நாம் பார்ப்பது நாலைந்து. வைரஸை ஒரு கடுகளவாகப் பெருக்கினால், அதே விகிதத்தில் ஐந்து சென்டிமீட்டர் ரோஜா இலை நான்கு கிலோமீட்டர் நீளும். நான்கு கிலோமீட்டர் வயலில் சில அடி நிலத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, “இங்கே கடுகே விதைக்கவில்லை” என்று சான்று எழுதித் தரலாகுமா? ஆகாதன்றோ!

நம் இலைக்கு நேர்ந்தது

ரோஜா மொசைக் நோய் ஒரே வைரஸால் வருவதன்று. முதன்மையானது புரூனஸ் நெக்ரோடிக் ரிங்ஸ்பாட் வைரஸ் என்பது. பிளம், செர்ரி, பீச், வாதுமை ஆகிய மரங்களையும் அது தாக்கும். அம்மரங்களும் ரோஜாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதைப் பலர் அறியார். ஆப்பிள் மொசைக் வைரஸும் ரோஜாவில் இதே கோலத்தைப் போடும். இவை உருண்டை வடிவின. இலைச் சாற்றில் எளிதில் சிதைந்துவிடும் இயல்புடையன. புகையிலை வைரஸின் குச்சிகளைச் சாற்றுத் துளியிலேயே கண்டுபிடித்துவிடலாம். இவ்வுருண்டைகளோ செல்லுக்குள் இயல்பாகவே நிறைந்திருக்கும் ரிபோசோம் என்னும் மணிகளோடு மணியாகக் கலந்து நின்று கண்ணை ஏமாற்றுகின்றன.

நண்பர் நம் இலைச் சாற்றைக் கருவியில் வைத்துப் பார்த்தார். திரையில் சாம்பல் நிறத் தூசிப் படலம் ஒன்றே தெரிந்தது. “ஒன்றும் இல்லையே!” என்று நாம் மகிழ்ந்தோம். அவர் மகிழவில்லை. வைரஸை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைக் கொண்டு சோதிக்கும் எலைசா முறையில் மறுபடி சோதித்தார். பயிர் வைரஸ்களுக்கு இம்முறையை 1977-இல் கிளார்க், ஆடம்ஸ் என்ற இருவர் வகுத்துத் தந்தனர். சிறுகுழிகள் கொண்ட தட்டில் சாற்றை விட்டு, மற்ற மருந்துகளைச் சேர்த்துக் காத்திருந்தால், வைரஸ் உள்ள குழி மஞ்சளாகும். நம் குழி மஞ்சளாயிற்று.

அந்த மஞ்சளைக் கண்டபோது நம் உள்ளம் சுருங்கியது. மூன்று வீட்டு வாசல்கள் கண்முன் வந்தன. நோய் நம் அன்னையார் கொண்டுவந்த குச்சியில் இருந்ததா, மாலி பயன்படுத்திய அடிச்செடியில் இருந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. ஆனால் மூன்று வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நம் கைதான். அதில் ஐயமில்லை. இரும்புச் சத்து உரம் நோயைத் தீர்க்கவும் இல்லை. மொசைக் நோயின் அடையாளங்கள் வசந்த காலத்துத் தளிரில் தோன்றி, வெப்பம் ஏறியதும் மங்குவது வழக்கம். வைரஸ் செடிக்குள் இருந்தபடியே இருக்கும். நாம் வெயிலின் செயலை நம் வைத்தியத்தின் வெற்றியாகக் கணக்கெழுதிவிட்டோம்.

எழுபது ஆண்டுப் புதிர்

நண்பரின் இரண்டாம் வாக்கியத்திற்கு விளக்கமாக அமைவது, அமெரிக்காவின் ரோஜா ரோஸெட் நோய். 1940-களின் தொடக்கத்தில் கனடாவின் மானிடோபா மாகாணத்திலும், அமெரிக்காவின் வயோமிங், கலிபோர்னியா மாநிலங்களிலும் ரோஜாக்களில் ஒரு விபரீத நோய் தென்பட்டது. தளிர்கள் துடைப்பம்போலக் கொத்தாகக் கிளைக்கும், தண்டு தடித்து, எண்ணிறந்த முட்களால் மூடப்படும், இலைகள் சுருங்கிச் சிவக்கும், பூக்கள் உருக்குலையும், சில ஆண்டுகளில் செடி மடியும்.

கிழக்காசியாவைச் சேர்ந்த மல்டிஃப்ளோரா என்னும் காட்டு ரோஜா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டு ரோஜாக்களுக்கு அடிச்செடியாக அமெரிக்கா சென்றது. 1930-களில் மண்ணரிப்பைத் தடுக்கவும் கால்நடைக்கு உயிர்வேலியாகவும் அரசாங்கமே அதைப் பரப்பியது. அது வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலமெங்கும் புதராக மண்டியது. அப்புதர்களில் ரோஸெட் நோய் புகுந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பரவியது.

பரப்புவது எது? 1968-இல் நெப்ராஸ்காவில் ஆலிங்டன் குழுவினர், ஃபில்லோகாப்டிஸ் ஃப்ரக்டிஃபிலஸ் என்னும் ஒருவகைச் சிலந்திப்பேன் அதைச் சுமப்பதாகக் காட்டினர். மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு நீளம், நான்கே கால்கள், இறக்கை இல்லை. காற்றே அதன் வாகனம். டிக்கெட் இல்லாப் பிரயாணி!

1980-களில் அர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் நோயுற்ற ரோஜா இலைகளைச் சீவி எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள், செல்லுக்குள் இரட்டைச் சவ்வு போர்த்த உருண்டைகளைக் கண்டனர். குறுக்களவு சுமார் 120 முதல் 150 நானோமீட்டர். நலமுள்ள செடியில் அவை இல்லை. “இதோ கண்டுகொண்டோம்!” என்று முடித்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். அவர்கள் முடிக்கவில்லை. அவ்வுருண்டை வைரஸா, அல்லது நோயுற்ற செல் தானே உருவாக்கிய கழிவுப் பொட்டலமா? படம் இதற்கு விடை சொல்லாது.

நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்கிறோம். நிலையத்தில் முத்திரையிட்ட வாகன் ஒன்று நிற்கிறது. அதை நாம் கண்ணால் காண்கிறோம். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன சரக்கு, யாருக்குச் சேர வேண்டியது என்பதெல்லாம் வாகனைப் பார்த்துத் தெரியுமா? ரயில்வே ரசீதைப் படித்தால்தானே தெரியும்! எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வாகனைக் காட்டியது. ரசீதைப் படிக்க மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2011-இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ஸனெட்டாக்கிஸ் குழுவினர், நோயுற்ற ரோஜாக்களில் இருந்த ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை எழுத்தெழுத்தாகப் படித்து, அது எமாராவைரஸ் என்னும் புதிய இனத்தைச் சேர்ந்த வைரஸ் என்று நிறுவினர். முதலில் அதன் மரபுப் பொருளில் நான்கு துண்டுகள் தெரிந்தன. பின்னர் ஏழு என்று அறியப்பட்டது. படத்தில் முன்னரே கண்ட உருண்டைகளுக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது.

அமெரிக்க ரோஜாவின் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. நம் சாம்பாருக்கும் அதற்கும் உறவுண்டு. துவரைச் செடியைப் பூக்கவிடாமல் மலடாக்கும் நோய் ஒன்று 1931-இல் பீகாரின் பூசாவில் பதிவாயிற்று. செடி பச்சைப்பசேலென்று நிற்கும். காய் மட்டும் பிடிக்காது. அதைப் பரப்புவதும் ஒரு நுண்ணிய சிலந்திப்பேன்தான். அதன் செல்களிலும் இரட்டைச் சவ்வு போர்த்த உருண்டைகள் தென்பட்டன. நெடுங்காலத்திற்குப் பின்னரே அதுவும் எமாராவைரஸ் என்று தெளிவாயிற்று. ரோஜாவில் கற்ற பாடம் பருப்புக்கும், பருப்பில் கற்றது ரோஜாவுக்கும் உதவுகிறது. பூசாவிலிருந்த ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் சேதமுற்று 1936-இல் தில்லிக்கு வந்ததையும், பின்னாளில் அதன் இயக்குநராக இருந்த பி. பி. பால், கோதுமை ஆய்வோடு அழகிய ரோஜா வகைகள் பலவற்றையும் உருவாக்கியதையும் இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

இனி நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மொசைக் கண்ட செடியைப் பார்த்து அஞ்ச வேண்டா. அது உடனே மடியாது. பூக்கள் சற்றுச் சிறுக்கலாம், வீரியம் குறையலாம். கத்தரியாலோ பூப்பறிப்பதாலோ அது அடுத்த செடிக்குத் தொற்றும் என்ற கவலை வேண்டா. முதன்மையாகப் பரவும் வழி ஒட்டுதான். ஆகவே அச்செடியிலிருந்து குச்சியோ கண்ணோ எடுத்து எவருக்கும் கொடுத்தல் கூடாது. அதை அடிச்செடியாகவும் கொள்ளலாகாது.

இரண்டாவது, பங்குனியில் கோலம் தெரிந்த செடிக்கு அப்போதே ஒரு நாடாவைக் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். தை மாதத்தில் ஒட்டுக்கட்டும்போது இலையில் அடையாளம் இராது. நாம் ஏமாந்தது அவ்விடத்தில்தான்.

மூன்றாவது, மருந்து தெளித்து வைரஸைப் போக்க இயலாது. கடைக்காரர் சொன்னாலும் வாங்க வேண்டா. நாற்றங்கால்களுக்கென ஒரு வழி உண்டு. செடியை ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தில் பல வாரங்கள் ஒரே சீராக வைத்து, பின் புதுத்தளிரின் கண்ணை எடுத்து நோயற்ற அடிச்செடியில் ஒட்டுகிறார்கள். அதற்கும் மேல் சோதித்த பின்னரே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். தில்லி வெயில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று நாம் கேட்டோம். இரவும் பகலும் கட்டுப்பாட்டில் வைத்த வெப்பம் வேறு, ஆனி மாத வெயில் வேறு என்றார் நண்பர்.

நான்காவது, ரோஸெட் நோயின் அடையாளங்கள் தெரிந்தால் இரக்கம் கூடாது. செடியை வேரோடு பிடுங்கிப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். நம் நாட்டுத் தோட்ட ரோஜாக்களிலும் இவ்வைரஸ் காணப்பட்டதாக 2017-இல் ஆய்வுக் கட்டுரை ஒன்று தெரிவித்தது. ஆனால் அவசரமும் கூடாது. பல ரோஜாக்களின் இளந்தளிர் இயல்பாகவே சிவப்பு. பக்கத்தில் அடித்த களைக்கொல்லியின் சாரல் பட்டாலும் தளிர் துடைப்பம்போலாகும். சிவப்போடு மிகுமுள்ளும் தடித்த தண்டும் சேர்ந்து தெரிந்தால் மட்டுமே ஐயுற வேண்டும்.

மூன்று வீடுகளுக்கும் நாம் நேரில் சென்று உண்மையைச் சொன்னோம். நோயற்ற புதுச் செடி வாங்கித் தருவதாகவும் சொன்னோம். இருவர் இசைந்தனர், பழைய செடிகளை எடுத்துவிட்டனர். ஒருவர் சிறிது வருந்திப் பேசினார். வருந்த அவருக்கு உரிமை உண்டு. அந்த அம்மையார் மட்டும், “உங்க அம்மா மடியிலே வச்சுக் கொண்டாந்த பூ தம்பி. நான் யாருக்கும் குச்சி கொடுக்க மாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். நம் வாசற் செடிக்கும் அதே தீர்ப்பைத்தான் அளித்திருக்கிறோம். அதன் தண்டில் ஒரு சிவப்பு நாடா கட்டியாயிற்று. சங்கத்து அன்பர்கள் வேறெவரேனும், நாம் அறியாமல், அம்மூன்று வீடுகளிலிருந்து குச்சியோ கண்ணோ வாங்கியிருந்தால், அருள்கூர்ந்து நமக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். அதற்காகவே இக்கட்டுரையை ஐப்பசிக்கு முன்னால் எழுதினோம்.

கான்கிரீட் சிலிப்பர்களின் கதை அடுத்த இதழில்.